வீட்டு நூடுல்ஸ் ஏன் குழைகிறது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி):
பாலக்காட்டுக் கடைகளில் உதிரியாகவும் லேசான புகை மணத்துடனும் கிடைக்கும் சைனீஸ் நூடுல்ஸ், அதே சாஸ்களை ஊற்றிக் கிளறினாலும் வீட்டில் களியாகிவிடுகிறது. கோளாறு எங்கே?

பதில் (வேலந்தாவளம்):
அம்மா, கோளாறு சாஸில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. நடுவில் சிறிது விறைப்பு இருக்கும்போதே நூடுல்ஸை வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்தபின் ஒருவருக்கான அளவை மட்டும் போடுங்கள். நால்வருக்கும் சேர்த்துப் போட்டால் சூடு இறங்கி, முட்டைக்கோஸும் குடைமிளகாயும் நீர்விட்டு, வதங்குவதற்குப் பதிலாக வேகத் தொடங்கிவிடும். சோயா சாஸை வாணலியின் ஓரத்தில் விடுங்கள்; அது சுரீரெனப் பொங்கி லேசாகக் கருகும்போதுதான் அந்த மணம் எழுகிறது.

பதில் (சித்தூர்):
நம் பக்கத்து வழக்கப்படி தேங்காயெண்ணெய் ஊற்றினால் அதன் வாசம் மற்ற அனைத்தையும் அடக்கிவிடும் என்பதால் தவிட்டெண்ணெயே நல்லது. வெள்ளை மிளகுத்தூளும் ஒரு சிட்டிகை அஜினோமோட்டோவும் சேருங்கள். பலர் வீணாக அஞ்சும் அந்த உப்பிலுள்ள, சுவை கூட்டும் குளுட்டமேட் என்னும் பொருள் தக்காளியிலும் இருப்பதுதான்.

வாசகி:
நன்றி. எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கிறது, சரிப்படுமா?

வேலந்தாவளம்:
அடி தட்டையான இரும்புச் சட்டி போதும். தூக்கிக் குலுக்கினால் சூடு நின்றுவிடும் என்பதால், வைத்த இடத்திலேயே கிளறுங்கள்.