அப்பாவுக்குப் பொட்டாசியம் 7.2: உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி?

வைகைக்கரை:
சிறுநீரகம் எவ்வளவு மோசம் என்று காட்டுகிற கிரியேட்டினின் அப்பாவுக்கு 4-ஐத் தொட்டிருந்த வருஷம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தே தீருவேன் என்று ஒரே அடம். வெயிலில் வாடிவிட்டாரே என்று தல்லாகுளத்தில் நான்தான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று இல்லை, மூன்று. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "காலு ரெண்டும் இரும்பா கனக்குதுடா" என்றார். ஈசிஜி எடுத்த நர்ஸ் காகிதத்தைக் கிழிக்கக்கூட இல்லை, டாக்டரைக் கூப்பிட ஓடினார். பொட்டாசியம் 7.2. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை.

இன்னும் கண்ணுக்குள் நிற்பது அந்த மானிட்டர். ஈசிஜி கோட்டில் டி அலை என்கிற மேடு ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி கூராக எழுந்து நின்றது. கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினார்கள். சில நிமிஷத்தில் கோபுரங்கள் தணிந்தன. "சரியாயிருச்சா டாக்டர்?" என்றேன். "ரத்தத்துல பொட்டாசியம் ஒரு புள்ளிகூட குறையல. இதயத்தைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வச்சிருக்கோம், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின், சாயங்காலம் டயாலிசிஸ்.

அவர் விளக்கியது இது. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் ஈநாக் என்கிற சேனல், அதாவது செல்லின் சுவரில் இருக்கிற வாசல், வழியாகச் சோடியம் உடம்புக்குத் திரும்பும். அந்த இழுப்பில்தான் ரோம்க் என்கிற இன்னொரு சேனல் வழியாகப் பொட்டாசியம் சிறுநீரில் இறங்கும். அப்பா கால் வீக்கத்துக்குச் சாப்பிட்ட ஸ்பைரனோலாக்டோன் ஈநாக்கை அடக்கி வைக்கிற மாத்திரை. முதல் வாசல் சாத்தினால் இரண்டாவதும் மந்தம். அதற்கு மேல் நான் கொடுத்த மூன்று இளநீர், அத்தனையும் பொட்டாசியம். அப்பா இன்று நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் இளநீர் வண்டியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பரோட்டா பாண்டி:
எனக்கு நேர் எதிர், அண்ணே. இருபத்து நாலு வயது. ராத்திரி ஆறு பரோட்டா, சால்னா. விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவன் அப்படியே சரிந்தேன். பொட்டாசியம் 2.1. இரண்டு நாள் டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றினார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மாதிரி, ஏற ஏற இறங்கியது. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "மக்னீசியம் யாராவது பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை! அந்த மௌனம் இருக்கிறதே, அதை மறக்க முடியாது.

செல்லுக்குள் இருக்கிற மக்னீசியம்தான் ரோம்க் வாசலை உள்பக்கமிருந்து பாதி அடைத்து நிற்குமாம். அது குறைந்தால் வாசல் ஆவென்று திறந்து, ஏற்றுகிற பொட்டாசியமெல்லாம் சிறுநீரில் போய்விடும். மக்னீசியம் கொடுத்த பிறகுதான் ஏறியது. கடைசியில் கிட்டல்மன் என்றார்கள், பிறவிக் கோளாறு. உப்பை மீட்கிற ஒரு கடத்தி வேலை செய்யாது, அது சேனல்கூட இல்லையாம். பரோட்டா காரணமில்லை, மாவு ஏற்றிவிட்ட இன்சுலின் மிச்சப் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிட்டது என்றார்கள். இப்போது மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சோழவந்தான் தோப்பு:
வைகைக்கரை ஐயா, இளநீர் மேல் பழி போடாதீர்கள். எங்கள் தோப்பில் வெட்டுக்கு வந்த ஆள் சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தார். இரண்டு காய் வெட்டி ஊற்றினேன், கால் மணி நேரத்தில் எழுந்து பீடி கேட்டார். மாத்திரைதான் குற்றவாளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. இங்கே இப்படி எழுதினால் நாளைக்கு நல்ல உடம்புக்காரனும் வாங்கப் பயப்படுவான்.

ஆய்வகத்தான்:
தோப்புக்காரரே, உங்கள் ஆளின் சிறுநீரகம் வேலை செய்தது, அதனால் பீடி கேட்டார். இளநீரில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் பொட்டாசியம். வாசல் மந்தமான ஆளுக்கு அது எங்கே போகும்?

என் கதை சின்னது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் 6.8. ராத்திரி பதினோரு மணிக்கு வாடகைக் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடி எடுத்தால் 4.3. என்னிடம் வந்த ரத்தம் டியூபிலேயே உடைந்திருந்தது. சிவப்பணுவுக்குள் இருக்கிற பொட்டாசியம் கசிந்து அளவை ஏற்றிவிட்டது. சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற நீர், இளஞ்சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரத்தம் கொடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், அதிலும் எண் ஏறும். சிறுநீரக நோயாளி இருக்கிற வீட்டில் "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பிபிக்கு நல்லது என்று மகன் வாங்கித் தருவான், அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவார். காய்கறியைத் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்துப் போகிறதே என்று அதை ரசத்தில் சேர்க்கிற அத்தைமார்களைத் தடுத்து நிறுத்துங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல் எழுதினால், கிட்னி பேஷண்ட் என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். அதில் இருக்கிற டிரைமெத்தோபிரிமும் ஈநாக்கை அடைக்கும். ரிப்போர்ட் சந்தேகமாக இருந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் ஈசிஜி சரியாக இருக்கிறதே என்று மட்டும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மேலூர் மருமகள்:
அண்ணா, அத்தைமார்களை விடுங்கள், என் அத்தை கதையைக் கேளுங்கள். மாமியாருக்கு பிபி 190. மூன்று மாத்திரைக்கும் மசியவில்லை. பொட்டாசியம் 2.6. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் கட்டியா, பரம்பரைக் கோளாறா என்று ஸ்கேனும் டெஸ்டுமாக ஓடியது. வயசான நர்சம்மா ஒருவர் மட்டும் மெதுவாக, "ஏதாச்சும் கஷாயம் குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார், பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அதிமதுரத் துண்டுகள்! வறட்டு இருமலுக்குக் கீழமாசி வீதியில் வாங்கி நாலு மாதமாக வாயில் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல உடம்பில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் சிறுநீரகத்துக்கு வந்ததும் ஒரு நொதி அதை முடக்கிவிடுமாம். அதிமதுரம் அந்த நொதியைக் கெடுக்க, கார்ட்டிசால், உப்பைப் பிடித்துவைக்கிற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேஷம் கட்டி ஈநாக்கைத் திறந்துவிடுகிறது. உப்பு உள்ளே, பொட்டாசியம் வெளியே. நிறுத்தின பிறகு சில வாரத்தில் எல்லாம் இறங்கியது. நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அத்தை இன்றுவரை நம்புகிறார்.

ஒத்தக்கடை தங்கை:
இது பொட்டாசியம் இல்லை, ஆனாலும் சேனல் சமாச்சாரம்தான். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், ஸ்கேனில் திராட்சைக் குலை மாதிரி. பாலிசிஸ்டின் என்கிற இரண்டு புரதத்தில் ஒன்று பழுதானால் வருவதாம், அந்த இரண்டில் ஒன்று அயனி சேனல். பிள்ளைகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு என்றார்கள். நான் ஸ்கேன் எடுத்தேன், எனக்கு இருக்கிறது. படத்தை அண்ணனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு, போன மாதம் பிபி மாத்திரை ஆரம்பித்திருக்கிறான். ஸ்கேன் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.