மஞ்சள் தொட்டியில் சுற்றுவது பட்டாம்பூச்சியா, விட்டிலா? மருந்து அடிக்கலாமா?

மாடித்தோட்டம்_வேளச்சேரி:
பொங்கலுக்கு ஆகட்டும் என்று மாடியில் தொட்டிகளில் மஞ்சள் வைத்திருக்கிறேன். மழை ஆரம்பித்ததிலிருந்து இலைகள் ஓரமாக மடிந்து குழல் மாதிரி சுருள்கின்றன. பிரித்தால் உள்ளே கருந்தலையோடு பச்சைப் புழு. காலையில் ஒரு கரும்பழுப்புப் பூச்சி விர்ரென்று வந்து உட்காருகிறது, பின் இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு. உடம்பு தடிமன், ரோமம் வேறு. விட்டில்தான் என்கிறார் மாமியார். பகலில் பறக்கிறதே என்கிறேன் நான். நர்சரியில் ஒரு மருந்து கொடுத்தார்கள், இன்னும் அடிக்கவில்லை.

புங்கமரத்தடி:
பகலை வைத்து முடிவு கட்டாதீர்கள் அக்கா. குளவி மாதிரி இருக்கும் அமாட்டா விட்டில்கள் வெயிலில்தான் திரியும். தென்னையில் வளரும் ஜயன்ட் ரெட்ஐயோ அந்தி நேரத்தில் பறக்கும் பட்டாம்பூச்சி, ஸ்கிப்பர் என்ற வகை. தடித்த உடம்பும் உதவாது, ஸ்கிப்பர் எல்லாமே அப்படித்தான். உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். ஸ்கிப்பருக்கு நுனி தடித்து, அதற்கும் அப்பால் சின்னக் கொக்கியாக வளைந்திருக்கும். இரண்டு கொம்புகளும் தலையில் நன்றாகத் தள்ளி முளைத்திருக்கும். விட்டிலுக்குப் பெரும்பாலும் நூல் போலவோ சீப்பு போலவோ இருக்கும். போனில் ஜூம் செய்தாலே தெரியும்.

கிண்டிவாசி:
உட்காரும் விதத்தையும் கவனிக்கலாம். புல்வகை ஸ்கிப்பர்கள் முன் இறக்கையை ஒரு கோணத்திலும் பின் இறக்கையை வேறு கோணத்திலும் வைத்து உட்காரும். ஆனால் எல்லாம் அப்படியில்லை. நம் தெருப் புங்கமரங்களில் வளரும் காமன் பேண்டட் ஆல் என்ற ஸ்கிப்பர் இறக்கையை மூடித்தான் உட்காரும். விட்டில்களில் பலவற்றுக்கு முன், பின் இறக்கைகளைக் கோக்க ஒரு முள் உண்டு. பட்டாம்பூச்சிக்கு அது கிடையாது, ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் ஸ்கிப்பர் ஆணுக்கு மட்டும் உண்டு! இந்தக் குழப்பத்தால்தானோ என்னவோ, ஸ்கிப்பர்களை ரொம்ப காலம் தனிப் பெருங்குடும்பமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்தபிறகு மற்ற பட்டாம்பூச்சிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

மாடித்தோட்டம்_வேளச்சேரி:
கொக்கி இருக்கிறது! ஆனால் ஒரு தொட்டியில் நடுக்குருத்தே மஞ்சளாகிக் காய்கிறது. தண்டில் ஓட்டை, அந்த ஓட்டையின் வாயில் ரம்பத்தூள் மாதிரி ஏதோ. இதுவும் அதே புழுவா?

புங்கமரத்தடி:
இல்லை, அது வேறு ஆள். இலையைச் சுருட்டுவது கிராஸ் டெமன் என்ற ஸ்கிப்பர். மஞ்சளும் இஞ்சியும்தான் அதன் சாப்பாடு. சுருளுக்குள் எச்சம் அதிகம் இருக்காது, ஸ்கிப்பர் புழுக்கள் பலவும் அதைத் தூரமாகச் சுண்டிவிடும். தண்டைக் குடைவது குருத்துத் துளைப்பான், அசல் விட்டில். நீங்கள் சொல்லும் தூள் அதன் எச்சம். தாய்ப்பூச்சி ஆரஞ்சு கலந்த மஞ்சளில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும், ராத்திரி விளக்குக்கு வரும். செடிக்கு நிஜமாகக் கேடு செய்வது இதுதான். காய்ந்த தண்டை மண் மட்டத்தில் வெட்டிப் பிளந்து புழுவை எடுத்து அழியுங்கள். சுருட்டுப்புழு சில இலைகளைத்தான் தின்னும், அதை விட்டுவிடலாம். அதிகமானால் சுருளோடு கிள்ளி எடுத்தால் போதும்.

மாடித்தோட்டம்_வேளச்சேரி:
வெட்டியாச்சு, உள்ளே புழு இருந்தது. மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மாமியாருக்கும் பாதி மார்க் உண்டு, விட்டிலும் இருந்ததே.