87 சில்வியா: நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோளுக்கு ரோமாபுரிப் பெயரா?

கயல்விழி: 1866 மே 16 அன்று நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில், பூமியைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது. நம் ஊர் வானத்தில் அகப்பட்டதற்கு ரோமானியப் புராணத்து ரியா சில்வியாவின் பெயர்! இந்த மண்ணின் சுவடே அதில் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

மாறன்: கண்டவர் பெயரிடுவது அன்றைய வழக்கம், புராணப் பெண்களின் பெயரை வைப்பதும் வழக்கம். சுவடே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். 1861இல் இங்கிருந்து முதன்முதலாகக் கண்டதற்குப் போக்சன் ‘ஆசியா’ என்று பெயரிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதுதான் காரணம்.

கயல்விழி: ஆசியாவும் கிரேக்கப் புராணத்தில் வரும் பெண்தானே! அதனால்தான் அந்தப் பெயர் எளிதாக நுழைந்தது. சென்னை, காவிரி, கண்ணகி என்று எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை. அதே வானாய்வகத்தில் உழைத்த ரகுநாதாச்சாரியும் வரவில்லை.

ஆதவன்: சில்வியா புராணப் பெயர்தானா? பிரெஞ்சு வானியலாளர் ஃபிளமாரியோனின் முதல் மனைவி சில்வியின் நினைவாக வைத்தது என்று படித்திருக்கிறேன்.

மாறன்: அது தவறான தகவல், ஆதவன். சிறுகோள் பெயர்களைப் பற்றிய நூலில் வானியலாளர் பால் ஹெர்கட் அப்படி எழுதியதால் பரவியது. ஃபிளமாரியோன் சில்வியை மணந்ததே 1874இல். சிறுகோளோ 1866இல் பெயர் பெற்றுவிட்டது. ரியா சில்வியாவைத்தான் குறிக்கிறது என்று போக்சனே எழுதியிருக்கிறார்.

கயல்விழி, அந்தப் பெயர் எவ்வளவு பொருந்திப் போனது என்பதையும் பாருங்கள். 2001இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி வழியே பிரவுனும் மார்கோவும் சில்வியாவுக்கு ஒரு துணைக்கோளைக் கண்டார்கள். 2004இல் எடுத்த படங்களில் மார்ஷியின் குழு இன்னொன்றையும் கண்டது. இரண்டு துணைக்கோள்களோடு அறியப்பட்ட முதல் சிறுகோள் இதுதான். ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகளான ரோமுலஸ், ரீமஸ் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். அவற்றின் சுற்றுப்பாதையை வைத்துத் தாயின் நிறையைக் கணக்கிட்டபோது, 250 கிலோமீட்டருக்கும் அகலமான அந்த உடல் உள்ளே வெற்றிடம் மலிந்த இடிபாட்டுக் குவியல் என்பது தெரிந்தது. இந்தக் குடும்பத்தைக் கலைக்கச் சொல்கிறீர்களா?

கயல்விழி: பெயரை மாற்றச் சொல்லவில்லை. வழக்கம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் நியாயப்படுத்தாதீர்கள் என்கிறேன். நிழற்படத் தட்டுகள் சிறுகோள் தேடலுக்கு வராத காலம் அது. விண்மீன் வரைபடத்தோடு வானத்தை ஒப்பிட்டு, இடம் மாறும் புள்ளியைக் கண்ணாலேயே தேட வேண்டும். அப்படிப்பட்ட வேலை நடந்த ஊர் சென்னை என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. பெயரில் ஊர் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மாறன்: ரகுநாதாச்சாரிக்குச் சேர வேண்டிய புகழ் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீனை, கண்டவர் அவர். போக்சனின் சிறுகோளில் அதைத் தேட வேண்டாம்.

ஆதவன்: காவலூர் வானாய்வகத்தில் 1988இல் ராஜமோகன் கண்ட சிறுகோள் இன்று 4130 ராமானுஜன். சுற்றுப்பாதை உறுதியாகி எண் பெற்ற சிறுகோளுக்குப் பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் 10 ஆண்டுகள் உரிமை உண்டு. கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

கயல்விழி: கேட்போம். ரகுநாதாச்சாரியின் பெயரை முதலில் எழுதுங்கள். சில்வியாவைப் பற்றிப் பாடநூலில் வரும்போது நுங்கம்பாக்கம் என்ற சொல்லும் வர வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.