பள்ளிக்காகக் குடும்பமாக நிதி திரட்டுகிறோம்: வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கலாமா?

பேராவூரணிப் பேரன் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தவர் எங்கள் அப்பத்தா. வருகிற தை மாதம் அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றைய தினம் அந்தப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும், சமையற்கூடத்துக்குப் புதிய பாத்திரங்களும் வாங்கித் தரலாம் என்று பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், அத்தை ஆகிய ஐந்து வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். மொத்தம் ஒன்றரை லட்சம் ரூபாய் தேவைப்படும்.

வீட்டுக்கு 30,000 என்று பெரியப்பா சொன்னார். சரக்கு ஆட்டோ ஓட்டும் சின்னச் சித்தப்பா ‘சரிங்கண்ணே’ என்று சொன்னாரே தவிர, பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பெரியப்பாவின் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பாதித் தொகையைத் தானே என் கணக்குக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். யார் மனமும் நோகாமல் இதை எப்படித் திரட்டுவது? பணத்தை யாருடைய கணக்கில் சேர்ப்பது?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

தம்பி, பங்குத்தொகை என்ற பேச்சை உடனே கைவிடச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு தொகையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆகவே பெயரும் தொகையும் எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் செய்யப்போவது தருமம். அதற்கும் நம்மை அறியாமலே அதே நோட்டைத் திறந்துவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டில் குலதெய்வக் கோயில் திருப்பணிக்கு வசூலித்தபோது, என் மூத்த மைத்துனர் பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். 500 ரூபாய் என்று தன் பெயருக்கு நேரே வாசிக்கப்பட்டதைக் கேட்ட என் தங்கை, அதன்பிறகு மூன்று ஆண்டுகள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை.

மண் உண்டியல் ஒன்றை வாங்கி அப்பத்தாவின் படத்துக்குக் கீழே வையுங்கள். வருகிறவர்கள் அவரவரால் இயன்றதைப் போடட்டும். வங்கி வழியாக அனுப்புகிறவர்களின் தொகை கணக்குப் பார்ப்பவர் ஒருவரைத் தவிர மற்றவருக்குத் தெரிய வேண்டாம். வரவில் யார் எவ்வளவு என்பது மறைந்திருக்கலாம்; செலவில் ஒரு ரூபாய்கூட மறைந்திருக்கக் கூடாது.

இன்னொன்று. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு முன்னாள் மாணவர்கள் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். வடிகட்டி மாற்றப் பணமில்லாமல் இரண்டாம் ஆண்டே நின்றுபோன அந்த இயந்திரம், நான் ஓய்வு பெறும்போது சுண்ணக்கட்டிப் பெட்டிகள் வைக்கும் மேடையாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பராமரிப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மீதிக்கு வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பு தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து, உண்மையில் எது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்:

கணக்கு பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோர் உங்கள் கணக்குக்கு அனுப்பினால் வருமான வரிச் சட்டம் அவர்களை உறவினராகவே கருதுகிறது, தொல்லையில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள், நாம் அண்ணன் தம்பி என்றே சொல்லி வளர்ந்தாலும், சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு உறவினர் அல்லர். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்று, முழுத் தொகையுமே உங்கள் வருமானமாகக் கருதப்படும். எனவே அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் உங்களுக்கு அனுப்புவதைவிடத் தன் தந்தைக்கு அனுப்புவதே நல்லது.

பொருளாக வாங்காமல் அறக்கட்டளை ஒன்றின் வழியாகக் கொடுப்பதானால் வேறு விதி வருகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் வாழ்ந்தாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவோ அரசின் முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதைப் பெறலாம், அதுவும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதன் தனிக் கணக்கில்தான். தந்தை கணக்கில் போட்டு அங்கிருந்து அறக்கட்டளைக்குத் திருப்பிவிடும் குறுக்கு வழி வேண்டாம்.

நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையை (80ஜி என்று வழங்கப்படுவது) எதிர்பார்க்கிறவர்கள் இருந்தால், அவரவர் கணக்கிலிருந்து அவரவரே அனுப்ப வேண்டும்; ஒருவர் சேர்த்து அனுப்பினால் ரசீது அவர் பெயருக்குத்தான் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில், எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேவைக்கு என்று குறிப்பிட்டே கொடுக்க முடியும், அதையும் பாருங்கள்.

மணப்பாறை மருமகள்:

பணமாகத்தான் தர வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? எங்கள் மாமனார் நினைவாக நூலகத்துக்குப் புத்தகம் வாங்க, நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து தீபாவளிக்கு முறுக்கு சுட்டு, தெரிந்தவர்களுக்கு விற்றோம். என் ஓரகத்தியால் நூறு ரூபாய்கூடத் தனியாக எடுத்துத் தர முடியாத நிலை. ஆனால் மாவு பதம் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை, அடுப்படியில் அன்று அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு தவறும் செய்தோம்: எண்ணெய், எரிவாயு, பொட்டலம் கட்டும் உறை ஆகியவற்றின் செலவைக் கழிக்காமல் 18,000 கிடைத்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம். கழித்துப் பார்த்தால் 7,000 கூடத் தேறவில்லை. அறிவித்த தொகைக்காக எங்கள் கையிலிருந்து போட்டு நிரப்பினோம். ஆகவே முதலில் செலவை எழுதுங்கள்.

உங்கள் சித்தப்பாவிடம் வண்டி இருக்கிறது. அது போதாதா?

பேராவூரணிப் பேரன்:

அனைவருக்கும் நன்றி. நேற்று தலைமையாசிரியரைப் பார்த்தோம். சுத்திகரிப்பு இயந்திரம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம், ஓராண்டாக ஓடவில்லையாம். அதைப் பழுதுபார்த்து, மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறார். பாத்திரங்களைக் கும்பகோணத்தில் எடுக்கலாம் என்று அத்தை சொன்னதும், சின்னச் சித்தப்பா ‘வண்டி நம்முது, ஏத்துக்கூலி இறக்குக்கூலி ஒண்ணும் எழுதாதீங்க’ என்றார். பெரியப்பா 30,000 பற்றி மறுபடி பேசவில்லை. உண்டியல் மட்டும் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமைச் சந்தையில் பார்க்க வேண்டும்.