குதிரைக்கு வயிற்றுவலி திரும்பத் திரும்ப வருகிறது, காரணம் பிடிபடவில்லை (பெங்களூரு)

ஹெசரகட்டா வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற பெண் குதிரை, வயது 11. கோடை ஆரம்பித்ததிலிருந்து அதற்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், அப்புறம் படுத்துப் புரளும். டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தேறிவிடுகிறது. சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. தீவனத்தில் மாற்றம் இல்லை: கேழ்வரகுத் தாள், கொஞ்சம் லூசர்ன் (குதிரைமசால்), ஓட்ஸ், தவிடு, வேகவைத்த கொள்ளு. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் பேஸ்ட் தவறாமல் கொடுக்கிறோம், பல்லும் ராவியாயிற்று. கேட்டால் கேஸ் (வாயு) என்கிறார்கள். வலி வந்தபின் என்ன செய்வது என்று தெரிகிறது, ஏன் வருகிறது என்பதுதான் தெரியவில்லை. குதிரை துடிப்பதைப் பார்க்க முடியவில்லை, யாராவது சொல்லுங்கள்.

தருமபுரிக்காரர்:
முதலில் கொள்ளை நிறுத்துங்க தம்பி, கோடையில் சூடு பிடிக்கும். வலி வந்தால் பெருங்காயம், ஓமம் கரைத்து நல்லெண்ணெயோடு பாட்டிலில் ஊற்றி வாயில் விடுங்க. எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம்.

ஹெப்பால் மாணவி (கால்நடை மருத்துவக் கல்லூரி, பழைய பேட்ச்):
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும், அப்படிப் போன குதிரையை நான் பார்த்திருக்கிறேன். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. வயிறு முட்ட நிரம்பியிருக்கும்போது மேலே இன்னும் ஊற்றினால் இரைப்பை கிழியக்கூட வாய்ப்பு உண்டு. டாக்டர் குழாய் விடுவதே முதலில் உள்ளே தேங்கியிருப்பதை வெளியே எடுக்கத்தான்.

ஹெசரகட்டா சார், திரும்பத் திரும்ப வருவதை கேஸ் என்று விட்டுவிட முடியாது, கேஸுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ரேஸில் இருந்த குதிரை என்றால் இரைப்பைப் புண்ணை நினைக்க வேண்டும். அதன் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தானியம் அதிகமாகவும் தாள் குறைவாகவும் போனால் புண்ணாகும். உறுதியாகத் தெரிய உள்ளே விட்டுப் பார்க்க 3 மீட்டர் நீள எண்டோஸ்கோப் (கேமராக் குழாய்) வேண்டும். அடுத்தது நாடாப்புழு. ஐவர்மெக்டின் அதைத் தொடாது, பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்து வேலை செய்யும். சிறுகுடல் பெருங்குடலைச் சேரும் இடத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு இப்படி விட்டுவிட்டு வலி கொடுக்கும். லூசர்ன் வருஷக்கணக்காக அதிகம் போனால் குடல் கல்லும் உண்டு, ஆனால் நீங்கள் கொஞ்சம்தான் என்கிறீர்கள்.

மூன்று கேள்வி. தாளைத் தொட்டியில் வைக்கிறீர்களா, தரையில் போடுகிறீர்களா? லத்தி எப்போதாவது இளகுகிறதா? வலி வந்த நாளுக்கு முந்தின சில நாட்களில் என்ன நடந்தது? மூன்றாவதுதான் முக்கியம். டாக்டர் பில்லில் தேதி இருக்கும், சைஸோடு (குதிரையைப் பராமரிப்பவரோடு) உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

ஹெசரகட்டா வாசி:
எழுதிப் பார்த்தோம் மேடம். பாதிக்கு மேல் மாம்பழ மழை (கோடை மழை) பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருக்கிறது! குளிர்ந்த காற்றுதான் காரணமோ? காலையில் வெறும் வயிற்றில் மைதானத்தில் அவிழ்த்துவிடுவோம், அங்கே புல் காய்ந்து செம்மண்தான் தெரிகிறது, தாளை அங்கேயே தரையில் பரப்புவோம். லத்தி சில நாள் இளகலாக இருக்கும், லூசர்னால் என்று சைஸ் சொல்வார்.

ஹெப்பால் மாணவி:
காற்று இல்லை சார், புல். மழை பெய்ததும் விரற்கடை உயரத்துக்குத் துளிர் விடும். கோடை முழுக்கப் பச்சை பார்க்காத குதிரை, அதுவும் பசியோடு, அதைக் கடித்து இழுத்தால் ஈர மண்ணிலிருந்து வேரோடு வந்துவிடும், வேரில் மண் அப்பியிருக்கும். ஏற்கெனவே தரையில் தாள் பொறுக்கித் தின்று உள்ளே போன மண்ணோடு இதுவும் சேர்கிறது. மண் கனமானது, பெருங்குடலின் அடிப்பகுதியில் படிந்து சுவரை அரிக்கும். லத்தி இளகுவதும் அதனால் இருக்கலாம்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். கீழே விழுந்த லத்தியின் மேல் உருண்டைகளை, தரையில் படாதவையாக, ஆறேழு எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண் இருந்தால் அடியில் தங்கும். தங்காவிட்டால் மண் இல்லை என்று அர்த்தமில்லை, சில நாள் வெளியே வராது. டாக்டரிடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் அடிவயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், மண் இருந்தால் கரையில் அலை உருளுவது போலச் சத்தம் வரும்.

ஹெசரகட்டா வாசி:
பார்த்தாயிற்று. மேலே நார் மிதக்கிறது, நடுவில் பச்சைத் தண்ணீர், அடியில் சிவப்பாக ஒரு படலம். தண்ணீரை வடித்துவிட்டு விரலால் தேய்த்தால் நறநறவென்கிறது, தேக்கரண்டி நிறைய இருக்கும். மைதானத்துக்கே விடாமல் தொட்டியில் தீனி போடும் இன்னொரு குதிரையின் லத்தியையும் கரைத்துப் பார்த்தோம், அடி சுத்தமாக இருந்தது. டாக்டர் வந்து கேட்டுவிட்டு, ஸ்கேனும் செய்து மண்தான் என்றார். குழாய் வழியாக இசப்கோலும் மெக்னீசியம் சல்பேட்டும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். தாளை இப்போது ரப்பர் மேட் விரித்து அதன் மேல் தொட்டியில் வைக்கிறோம், வயிறு நிறையத் தின்ற பிறகுதான் வெளியே விடுகிறோம், மழை பெய்தால் சில நாள் லாயத்திலேயே. இத்தனை நாள் பட்டதற்குக் காரணம் கிடைத்ததே, மேடம், ரொம்ப நன்றி.

தருமபுரிக்காரர்:
மேடம், என் குதிரைகளும் செம்மண்ணில்தான் மேய்கின்றன. இசப்கோலை தினமும் தவிட்டில் கலந்து போட்டு வரலாமா?

ஹெப்பால் மாணவி:
தினமும் வேண்டாம் அண்ணா. தொடர்ந்து கொடுத்தால் குடல் கிருமிகள் அதைச் செரிக்கப் பழகிவிடும், மண்ணை இழுத்து வராது. மாதத்தில் ஒரு வாரம் போதும், அளவை எடைக்கு ஏற்ப டாக்டர் சொல்லட்டும். தவிட்டை லேசாக ஈரப்படுத்திக் கலந்து உடனே வையுங்கள், ஊறினால் கூழாகிவிடும், குதிரை வாய் வைக்காது. அதைவிட முக்கியம் தாளும் தண்ணீரும். சும்மா நிற்கும் குதிரைக்கே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூட.

ஹெசரகட்டா சார், மண் கிடைத்துவிட்டது என்று நாடாப்புழு மருந்தை விட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சைஸுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுங்கள், தாடைக்கு உள்பக்கம் விரலில் தட்டும். நின்றிருக்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. வலியோடு 60-ஐத் தாண்டினால் ஊசி கேட்கும்வரை காத்திருக்காமல் நேராக டாக்டரை வரவழையுங்கள், அது மண் வலியாக இல்லாமலும் இருக்கலாம், குடல் முறுக்கியிருக்கலாம்.