அயல்நாட்டு வணிகத்தில் முதலில் கற்க வேண்டியது விலைக் கணக்கா, பண்பாடா?

செம்பூர் பொருளியல் ஆசிரியர்:
ஏற்றுமதியில் இறங்க விரும்பும் மும்பைத் தமிழ் இளைஞர் ஒருவர் இக்கேள்வியை இங்கே எழுப்பியிருக்கிறார். கணக்குதான் என்பது என் உறுதியான விடை. 1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ காட்டிய எடுத்துக்காட்டில், குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பும், திராட்சை மது செய்ய 120 பேரின் உழைப்பும் வேண்டும். போர்ச்சுகலுக்கு 90 பேரும் 80 பேரும் போதும். இரண்டிலும் முந்தி நிற்கும் போர்ச்சுகலுக்குக்கூட மதுவை விற்றுத் துணியை வாங்குவதே ஆதாயம். 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, தானே நெய்தால் 90 பேரைக் கேட்கும் துணியை அது பெற்றுவிடுகிறது. இந்த ஒப்பீட்டு நன்மை இல்லையேல் பண்பாட்டைப் பற்றிப் பேச வணிகமே இருக்காது.

தாராவி தோல்பொருள் ஏற்றுமதியாளர்:
ஐயா, வணிகம் ஏன் நடக்கிறது என்று தெளிவாகச் சொன்னீர்கள்; சரக்கு ஏன் தேங்குகிறது என்பதற்கு அதில் விடையில்லை. 1990-களில் இந்தியாவுக்கு வந்த கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சோளச் செதில்கள் குளிர்ந்த பாலுக்கென்று செய்யப்பட்டவை. பாலைக் காய்ச்சிச் சூடாகவே ஊற்றும் நம் வீடுகளில் அவை ஊறிக் குழைந்துபோயின. 1996-இல் வந்த மெக்டொனால்ட்ஸோ மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. என் தொழிலையே சொல்கிறேன்: பணப்பையின் உட்புறத்தில் ஒட்டும் மெல்லிய தோல் பன்றித்தோலாக இருந்தால், விரலகலமே ஆனாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வளைகுடா வியாபாரி அந்தப் பெட்டியை ஏற்க மாட்டார்.

செம்பூர் பொருளியல் ஆசிரியர்:
அந்தச் செதில்கள் இட்லியையும் உப்புமாவையும்விட விலை கூடியவை என்பதை விட்டுவிட்டீர்கள். 2006-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அமெரிக்கக் கடைத்தொடர் நிறுவனமான வால்மார்ட்டைப் பற்றியும், அதன் ஊழியர்களின் புன்னகை ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லை என்றே பலரும் எழுதுகிறார்கள். அங்கே ஆல்டி, லிடில் என்னும் உள்நாட்டுக் கடைத்தொடர்கள் ஏற்கெனவே மலிவாக விற்றுக்கொண்டிருந்தன என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. பன்றித்தோல் விஷயத்தில் மட்டும் தங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

மாட்டுங்கா வங்கி ஊழியர்:
ஒருவர் வழக்கத்தை மற்றவர் அறியாமலே வணிகம் செய்வதற்குத்தான் எல்.சி. இருக்கிறது, அதாவது வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதம். ஆவணங்கள் நிபந்தனைகளோடு பொருந்தினால் அதைத் திறந்த வங்கி பணம் தந்தாக வேண்டும், அதற்கான யு.சி.பி. 600 என்னும் பன்னாட்டு விதிகள் 2007 முதல் நடைமுறையில் உள்ளன.

தாராவி தோல்பொருள் ஏற்றுமதியாளர்:
எல்.சி. முதல் ஆர்டரைக் காப்பாற்றும், தோழரே. பழகி நம்பிக்கை வந்தபின் பல வியாபாரிகள் அதை விட்டுவிட்டு, சரக்கு சேர்ந்தபின் பணம் அனுப்பும் முறைக்கு மாறுகிறார்கள்; வங்கிக் கட்டணம் இரு தரப்புக்கும் மிச்சம். அவருடைய பண்டிகை எப்போது, கடையை எந்த நாளில் மூடுவார், குறையை நேரடியாகச் சொல்வாரா, மௌனமாக ஆர்டரை நிறுத்திவிடுவாரா என்பதை அறியாமல் அந்த நம்பிக்கை வராது. ஆகவே கேள்வி கேட்ட தம்பிக்கு: விலைப்பட்டியல் அனுப்புமுன் சாம்பிளின் உள்தோல் எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், விலை அதைப் பொறுத்தே அமையும்.