கவுண்ட் பேஸியின் குழு: மோட்டன் விட்டுச்சென்றதா, பேஸி உருவாக்கியதா?

தாளப்பித்தன் எழுதியது:
அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் கவுண்ட் பேஸி தம் இசைக்குழுவைத் தாமே உருவாக்கினார் என்று பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1929-இல் அவர் சேர்ந்தபோதே பென்னி மோட்டனின் குழு கான்சஸ் சிட்டியில் பெயர்பெற்றிருந்தது. 1932 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டனில் அக்குழு பதிவுசெய்த ‘மோட்டன் ஸ்விங்’கைக் கேளுங்கள், பின்னாளில் பேஸியின் முத்திரை என்று நாம் கொண்டாடும் எல்லாமே அதில் இருக்கின்றன. 1935-இல் டான்சில் அறுவைச் சிகிச்சையின்போது மோட்டன் இறந்தார். அவருடைய கலைஞர்களில் பலரைப் பேஸி சேர்த்துக்கொண்டார். அவ்வளவே.

கறுப்புவெள்ளை எழுதியது:
அந்தப் பதிவில் பியானோ வாசித்திருப்பவரே பேஸிதான் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மோட்டனும் பியானோக் கலைஞர். ஆயினும் அந்த இருக்கையை இளையவருக்கு விட்டுக்கொடுத்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள லிங்கன் திரையரங்கில் ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசிக்கையில் தரையில் அமர்ந்து, அவருடைய பாதங்கள் மிதிகட்டைகளில் நகர்வதைப் பார்த்து, அந்தக் கட்டைகளைத் தம் கைகளால் அழுத்திப் பழகியவர் பேஸி. 1927-இல் அவர் வந்த நாடகக் குழு கான்சஸ் சிட்டியில் கலைந்துபோனபோது, ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். 1932-இல் இடக்கை ஓயாமல் தாவும் ஸ்ட்ரைட் பாணியில் வாசித்த அதே மனிதர், தம் குழு அமைந்த பிறகு போகப்போக இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கி, வால்டர் பேஜின் பாஸும் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸின் சிம்பலும் கேட்க வழிவிட்டார். மோட்டனின் பதிவுகளில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது?

தாளப்பித்தன் எழுதியது:
பேஜும் ஜோன்ஸும், 1937-இல் வந்த ஃபிரெடி கிரீனின் கிதாரும் தாளத்தைத் தாங்கியதால்தான் அவரால் கையை எடுக்க முடிந்தது. தவிரவும், 1936-இல் சிக்காகோவில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் தம் கார் வானொலியில், கான்சஸ் சிட்டியின் ரீனோ கிளப்பிலிருந்து வந்த பேஸி குழுவின் ஒலிபரப்பைக் கேட்டிராவிட்டால் அக்குழு கான்சஸ் சிட்டியைத் தாண்டியிருக்குமா என்பதே ஐயம்.

கறுப்புவெள்ளை எழுதியது:
தாங்குவதற்கு ஆள் இருந்தும் கையை எடுக்காத பியானோக் கலைஞர்கள் எத்தனையோ பேர். வியாபாரத்தில் பேஸி ஏமாந்தார் என்றால் ஒப்புக்கொள்கிறேன்: டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்கு 24 பாடல்களை 750 டாலருக்கு, உரிமத்தொகை ஏதுமின்றிப் பதிவுசெய்து தர ஒப்பந்தம் போட்டார். ஆனால் ஹேமண்டின் காதில் விழுந்த குழுவைப் பேஸி நடத்திக்கொண்டிருந்தார். மோட்டன் அப்போது உயிரோடு இல்லை.